பால்மரம் இலை உதிர்க்கும் பருவமும் பாலர் வகுப்பும்

பருவகாலங்கள் என்னும் பாடம் வந்ததும், பனி மூடிய வீட்டைக் காட்டும் வண்ணப்படம் ஒன்றைச் சுவரில் மாட்டிவிடுவது பாலர் வகுப்புகள் பலவற்றில் வழக்கமாக உள்ளது. பனியைக் கண்டிராத ஐந்து வயதுக் குழந்தை அப்பாடத்தை ஒப்புவிக்கவும் செய்கின்றது. அதே வேளையில், சன்னலுக்கு வெளியே பால்மரங்கள் சிவந்து, மஞ்சளித்து, இலை முழுவதையும் கொட்டிவிட்டு நிற்கின்றன. அதனைப் பற்றி அக்குழந்தையிடம் எவரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. நம் நாட்டில் பருவங்களே இல்லை என்று சிலர் கூறுவதும் உண்டு. ஆண்டு முழுவதும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றே என்பது மெய். பருவம் இல்லை என்பது மெய்யன்று.

தோட்டத்தில் வாழ்வோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே, மழை குறைந்த வாரங்களில், பால்மரம் இலை உதிர்க்கின்றது. பின்னர்ச் செம்பு நிறத் தளிர் விடுகின்றது. அதனையொட்டிச் சிறு மஞ்சள் பூக்கள் மணக்கின்றன. அவை காயாகிச் சுமார் ஐந்து மாதங்களில் முற்றி, வெயில் வேளையில் படீரென்று வெடித்துக் கொட்டைகளை எறிகின்றன. ஆண்டின் நடுவில் டுரியானும் ரம்புத்தானும் மங்குஸ்தீனும் வருகின்றன. அக்டோபரில் மாலை இடிமழை. நவம்பர் முதல் கிளந்தான், திரெங்கானு, பகாங் கரையோரங்களில் வடகிழக்குப் பருவமழை. இலை உதிரும் காலத்தில் பால் குறைவதால் பால்வெட்டுத் தொழிலாளர் வீட்டில் வரவும் குறைகின்றது. ஆகவே, இப்பருவம் தோட்டக் குழந்தைக்கு வெறும் வேடிக்கையன்று. வீட்டுப் பேச்சிலும் அது கலந்துள்ளது.

இயற்கையைப் பாலர் கல்வியின் முதற்பாடமாகக் கொள்ளும் கருத்து புதியதன்று. ஜெர்மானியக் கல்வியாளர் பிரெடரிக் புரோபல் 1837ஆம் ஆண்டில் தொடங்கிய சிறார் கூடத்திற்கு 1840இல் ‘கிண்டர்கார்ட்டன்’ எனப் பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். (நம் தோட்டப் பிள்ளைகளுக்கு இப்பெயர் இருமடங்கு பொருந்தும்!) 1918இல் அமெரிக்கரான வில்லியம் கில்பாட்ரிக் செயல்திட்ட முறையை விளக்கி எழுதினார். நம் நாட்டில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையின் அங்கமாக்கியது. தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டமும் விளையாட்டின் வழிக் கற்றலை ஏற்றுக்கொண்டுள்ளது.

செயல்திட்டம் என்பது ஒரு நாள் கைவேலை அன்று. ஒரே பொருளை இரண்டு மூன்று வாரங்கள், பிள்ளைகளின் கேள்விகளையே வழியாகக் கொண்டு, தொடர்ந்து ஆராய்வதாகும். முதல் நாள் ஆசிரியர் பிள்ளைகளை நிரையின் ஓரத்திற்கு அழைத்துச் சென்று ஆளுக்கு ஐந்து இலைகளைப் பொறுக்கச் சொன்னால் போதும். பால்மரத்தின் ஒவ்வோர் இலைக்காம்பிலும் மூன்று சிற்றிலைகள் உள்ளன. எண்ணத் தொடங்கும் பிள்ளைக்கு இதைவிட எளிய கருவி கிடைப்பதரிது. பின்னர், வகுப்பில் இலைகளை நிறவாரியாகப் பிரிக்கலாம், நீளவாரியாக அடுக்கலாம், தாளுக்கடியில் வைத்து மெழுகு வண்ணத்தால் தேய்த்து நரம்புகளைப் பார்க்கலாம். வகுப்பறைக்கு அருகில் ஒரு மரத்திற்குத் துணி கட்டி அடையாளமிட்டு, வாரந்தோறும் ஒரே நாளில் சென்று வரைந்து வருவது மிகவும் நன்று. மொட்டை மரமும், தளிர் விட்ட மரமும், பசுமை அடர்ந்த மரமும் அடுத்தடுத்துச் சுவரில் ஏறும்போது, காலம் நகர்வதைக் குழந்தை கண்ணாலேயே காண்கின்றது. நாட்காட்டியைக் காட்டி இதனை விளக்குதல் கடினம்.

“மரம் ஏன் இலையைக் கொட்டியது?” என்று கேட்டால், அதற்குக் காய்ச்சல் என்று ஒரு பிள்ளை சொல்லலாம், குளிக்கப் போகின்றது, அதனால் சட்டையைக் கழற்றியது என்று இன்னொரு பிள்ளை சொல்லலாம். ஆசிரியர் உடனே திருத்த முற்படலாகாது. சொன்னதைச் சொன்னபடியே படத்தின் கீழ் எழுதி, திரும்பப் படித்துக்காட்ட வேண்டும். தன் பேச்சு எழுத்தாவதைக் காணும் குழந்தைக்கு எழுத்தின் மீது பற்று பிறக்கின்றது. ஆயினும், கற்பனையைக் கேட்டுவிட்டு உண்மையைச் சொல்லாமல் விடுவதும் முறையன்று. இலையின் வழியே நீர் வெளியேறுகின்றது; வறண்ட நாட்களில் மரம் முதிர்ந்த இலைகளை விட்டுவிடுகின்றது என மறுநாள் கூறலாம். ஒரு பிள்ளை வெறும் பால் மங்கை மட்டும் வரைந்தால், வண்ணம் போதவில்லை என்று குறை கூற வேண்டாம். அப்பிள்ளை கேட்டறிந்த பருவம் அதுவே.

இலையும் கையுமாக வீடு திரும்பும் பிள்ளையைக் கண்டு, “குப்பை பொறுக்கவா பள்ளிக்கு அனுப்பினோம்?” எனக் கேட்கும் பெற்றோர் உளர். அவர்தம் கவலையை எளிதாக ஒதுக்கிவிட இயலாது. முதலாம் ஆண்டில் எழுத்தறியாது தடுமாறும் பிள்ளைக்கு வீட்டில் கற்பிப்போர் இல்லாத நிலை இன்னும் பல குடும்பங்களில் உள்ளது. எழுத்துப் பயிற்சியைக் கைவிடுமாறு இங்குக் கூறவில்லை. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என ஓர் இலையின் வாழ்நாளுக்கே தமிழில் ஐந்து சொற்கள் உள்ளன. கையில் பிடித்துப் பார்த்த பொருளின் பெயரைப் பிள்ளை மறப்பதில்லை. அதனை எழுதவும் விரும்புகின்றது. நரம்பின் மீது விரலோட்டிய கைக்குப் பென்சில் பிடிப்பதும் எளிதாகும்.

கொட்டைகள் விழும் பருவம் இன்னும் வளமானது. இரப்பர் கொட்டையின் ஓடு தாய்மரத்தின் பகுதியே ஆதலால், ஒரு மரத்தின் கொட்டைகளெல்லாம் வடிவிலும் புள்ளிக்கோலத்திலும் ஒத்திருக்கும். கொட்டையைப் பார்த்தே மரத்தின் வகையைச் சொல்லும் வல்லுநர் உளர். கலந்து கிடக்கும் கொட்டைகளுள் உடன்பிறப்புகளைத் தேடிச் சேர்க்குமாறு பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், வகுப்பு அமைதியாகிவிடும்! பின்னர் அவற்றைக் கொண்டே பல்லாங்குழியும் சொங்காக்கும் ஆடலாம். ஆனால், பச்சைக் கொட்டைப் பருப்பு சயனைடு நஞ்சை வெளிப்படுத்தக்கூடியது. ஆகவே, கொட்டைகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும்; கைகழுவுதல் கட்டாயம். சருகுக் குவியலில் பாம்பும் தேளும் இருக்கலாம். பெரியவர் முன்னே சென்று கோலால் கிளறிய பின்னரே பிள்ளைகள் செல்லலாம்.

பருவந்தவறி இலை உதிர்ந்தால் அதனையும் கவனிக்கச் செய்யலாம். 2017 முதல் நம் நாட்டு இரப்பர் மரங்களைத் தாக்கிவரும் பூஞ்சை நோய் ஒன்று இலைகளில் வட்டப் புள்ளிகளை உண்டாக்கி அவற்றை உதிர்க்கின்றது. வட்டப் புள்ளியைக் கண்டுபிடிக்க ஐந்து வயதுக் கண்ணே போதும்.

பால்மரங்களுக்குப் பதிலாகச் செம்பனை நிற்கும் தோட்டங்களே இன்று மிகுதி. செம்பனை ஒரே காலத்தில் இலை உதிர்ப்பதில்லை. அங்கே மட்டையடியில் வளரும் பெரணியையும், எலி பிடிக்க ஆந்தைக்குக் கட்டிய பெட்டியையும் காட்டலாம். 1981இல் கேமரூனிலிருந்து சிறு வண்டு ஒன்று கொண்டுவரப்படும் வரை, செம்பனைப் பூவுக்கு மகரந்தம் தூவும் பணியைத் தொழிலாளரே கையால் செய்தனர். அவ்வேலை செய்த பாட்டிமார் தோட்டத்தில் இருப்பின், அவர்களை வகுப்பிற்கு அழைத்துக் கதை சொல்லச் செய்வது படப்புத்தகம் பத்துக்கு ஈடாகும்.

முளைக்க வைக்க விரும்பும் வகுப்பினர், விழுந்த சில நாட்களுக்குள்ளாகவே கொட்டையை ஈர மணலில் இட வேண்டும். இரப்பர் விதையின் உயிர்ப்பு விரைவில் குன்றிவிடும். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த சுமார் 70,000 விதைகளுள், இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் முளைத்தவை 2,700 அளவே. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன; அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. புதிய விதையாயின் ஒன்று முதல் மூன்று வாரங்களில் முளை தெரியும். ஒவ்வொரு சட்டியின் மீதும் விதைத்த பிள்ளையின் பெயரையும் நாளையும் எழுதி, வகுப்பறை வாசலில், அவர்கள் காலையில் உள்ளே வரும் வழியிலேயே வைப்பது நன்று.