ஒரு நாளில் பெங்களூர்

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்தவர்க்கு, வந்த ஊரில் இரண்டு இடங்களே நன்கு தெரிந்திருக்கும். ஒன்று வேலை செய்யும் இடம். மற்றொன்று குடியிருக்கும் இடம். சந்தாபுராவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் நிலையும் பெரும்பாலும் இதுவே. பொம்மசந்திரத்திலும் ஜிகணியிலும் உள்ள தொழிற்சாலைகளும், எலெக்ட்ரானிக் சிட்டியும் நமக்குச் சோறு போடுகின்றன. பண்டிகை வந்தால் அத்திப்பள்ளி வழியாக ஓசூரை அடைந்து, அங்கிருந்து தர்மபுரிக்கோ, சேலத்திற்கோ, திருவண்ணாமலைக்கோ சென்று விடுகிறோம். தெற்கு நோக்கிய பாதை நமக்கு மனப்பாடம். வடக்கே சிறிது தொலைவில் இருக்கும் பெருநகரத்தையோ, மருத்துவமனைக்குப் போகும்போது பேருந்தின் சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

நம் பிள்ளைகள் முகவரியில் "பெங்களூர்" என்று எழுதுகிறார்கள். ஆனால் அந்நகரத்தை அவர்கள் அறியார். பள்ளியில் "எங்கள் ஊர்" என்று கட்டுரை எழுதச் சொன்னால், எந்த ஊரை எழுதுவது என்று விழிக்கிறார்கள். விடுமுறைக்கு மட்டும் போகும் பாட்டி ஊரைப் பற்றி எழுதுவதா? வாடகை வீடும் நெடுஞ்சாலையுமாகத் தெரியும் இவ்வூரைப் பற்றி எழுதுவதா? இந்தத் திகைப்பைச் சிறு குறை என்று தள்ளிவிடுதல் ஆகாது. தனக்கு ஊர் எது என்று அறியாத பிள்ளை எங்கும் விருந்தாளியாகவே வளரும்.

இதனைக் கருதியே, சென்ற மாதம் ஒரு சனிக்கிழமையன்று மூன்று குடும்பத்தினர் சேர்ந்து நகரத்தை ஒரே நாளில் சுற்றி வந்தோம். பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் ஐவர். அவர்களுள் ஒரு குடும்பத்தார், வரும் ஆண்டு தம் மகளைச் செய்யாற்றுப் பக்கம் உள்ள பாட்டி வீட்டிற்கே அனுப்பிவிடலாமா என்ற யோசனையில் இருந்தனர். பெண்ணுக்கு எட்டாம் வகுப்பில் கன்னடம் பெருந்தொல்லையாக இருந்தது. "நமக்கு இது அந்நிய ஊர், இதற்காகக் குழந்தையை ஏன் வதைக்க வேண்டும்?" என்பது தாயாரின் கேள்வி. அக்கேள்வியும் எங்களுடன் நாள் முழுவதும் பயணம் செய்தது.

பொம்மசந்திரத்திலிருந்து இராஷ்ட்ரீய வித்யாலயா சாலை வரை செல்லும் மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 19 கிலோமீட்டர் நீளமும் 16 நிலையங்களும் கொண்ட இத்தடம் நம் பகுதி மக்களுக்குப் பெரும் வசதி. இரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் எங்களுக்கு எந்த இரயிலைக் கண்டாலும் கொஞ்சம் வாஞ்சை உண்டு. தரைக்கு மேலே ஓடும் இவ்வண்டியிலிருந்து, நாள்தோறும் நெரிசலில் சிக்கித் தவிக்கும் ஓசூர் சாலையைக் கீழே பார்ப்பது ஓர் ஆறுதல்தான்.

சில்க் போர்டு நிலையத்தை அடைந்ததும், வடக்கே மடிவாளம் இருக்கும் திசையைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். அங்குள்ள சோமேசுவரர் கோயிலில் 1247 ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் கோயிலுக்குத் தானமாக அளித்த செய்தியை அது கூறுகிறது. அதற்கும் முன்னே, ஏறத்தாழ 890 ஆம் ஆண்டளவில், நமக்கு அண்மையிலுள்ள பேகூரில் ஒரு வீரக்கல் நடப்பட்டது. அது பழங்கன்னடத்தில் "பெங்களூர்ப் போர்" என்று குறிக்கிறது. இந்நகரத்தின் பெயரை நமக்குச் சொல்லும் பழங்கற்களில் ஒன்று கன்னடம் பேசுகிறது. மற்றொன்று தமிழ் பேசுகிறது. அண்டை வீட்டார் இருவர் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுவது போன்றது இது.

இராஷ்ட்ரீய வித்யாலயா சாலையில் பச்சைத் தடத்திற்கு மாறினால், சில நிமிடங்களில் லால்பாக் வந்துவிடும். ஐதர் அலி 1760 ஆம் ஆண்டில் தொடங்கி, திப்பு சுல்தான் வளர்த்த தோட்டம் இது. 240 ஏக்கர் பரப்புள்ளது. நடுவிலுள்ள கண்ணாடி மாளிகைக்கு 1889 இல் அடிக்கல் நாட்டினர். இலண்டனிலிருந்த படிக மாளிகையை மாதிரியாகக் கொண்டு அமைத்தனர். ஆயினும் பிள்ளைகளைப் பெரிதும் ஈர்த்தது அங்குள்ள பாறையே. அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு என்று நிலவியலார் கணக்கிட்டுள்ளனர். உச்சியில் கெம்பெ கௌடரின் பெயரால் விளங்கும் சிறு கோபுரம் ஒன்று நிற்கிறது. முந்நூறு கோடி என்றால் எத்தனை சுழி என்று பையன்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே பாறையில் ஏறினார்கள்.

தோட்டத்திற்கு அருகிலேயே புகழ்பெற்ற மாவள்ளி டிபன் ரூம் இருக்கிறது. 1924 முதல் நடந்துவரும் உணவகம் இது. இரண்டாம் உலகப்போரின்போது அரிசிக்குத் தட்டுப்பாடு வர, ரவையைக் கொண்டு இட்லி செய்த பெருமை தமக்கே உரியது என்று அவ்வுணவகத்தார் கூறுவர். வாசலிலிருந்த கூட்டத்தைக் கண்டு, நாங்கள் வீட்டிலிருந்து உண்டு வந்த இட்லியே போதும் என்று மேலே நடந்தோம்.

அடுத்து கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட். பூக்கடைகளுக்குள் நுழைந்தால், மல்லிகையும் சேவந்தியும் கனகாம்பரமும் மலைமலையாகக் குவிந்திருக்கின்றன. வியாபாரிகள் ஒரே மூச்சில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதும் பேசுகின்றனர். பூக்காரம்மா ஒருவர் எங்கள் எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் கன்னடத்தில் விலை சொன்னார். அவள் விழித்தாள். "ஒந்து மொள ஹூ, அம்மா" என்றார் அவர் மறுபடியும். பிறகு சிரித்துக்கொண்டு, "ஒரு முழம் பூ" என்றார்.

அங்கேதான் ஒரு விளையாட்டுத் தொடங்கியது. பழங்கன்னடத்தில் பகரமாக இருந்த ஒலி, பிற்காலக் கன்னடத்தில் பல சொற்களின் முதலில் ஹகரமாக மாறிவிட்டது. ஆதலால் நம்முடைய பூ அவர்களுக்கு ஹூ, பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பள்ளி என்னும் ஊர்ப்பெயர் ஹள்ளி. இந்தச் சூத்திரத்தைச் சொன்னவுடன் பிள்ளைகள் கடைப்பலகைகளையெல்லாம் வேட்டையாடத் தொடங்கினார்கள். "ஹண்ணு என்றால்?" என்று ஒருவன் கேட்க, "பழம். வாழைப்பழத்தை மலையாளத்தார்கூடப் பழம் என்றுதானே சொல்கிறார்கள்!" என்று மற்றொருவன் வாதாட, மார்க்கெட் ஒரு பள்ளிக்கூடமாயிற்று. பாடநூலில் பகையாகத் தெரிந்த மொழி, பூக்கூடையில் உறவாகத் தெரிந்தது.

மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே பழைய கோட்டையின் எஞ்சிய பகுதி இருக்கிறது. 1537 இல் கெம்பெ கௌடர் மண்ணால் எழுப்பியதை, ஐதர் அலி கல்லால் கட்டினார். 1791 மார்ச்சில் காரன்வாலிஸின் படை அதனைக் கைப்பற்றியது. சற்றுத் தொலைவில் திப்புவின் கோடைக்கால அரண்மனை. தேக்குமரத் தூண்களும் வளைவுகளுமாக அமைந்த மாளிகை. அதனையடுத்து, மைசூர் மன்னர் சிக்கதேவராஜ உடையார் காலத்துக் கோட்டை வேங்கடரமணர் கோயில். அரண்மனையும் கோயிலும் இவ்வாறு மதிலொட்டி நிற்பதைப் பிள்ளைகள் காண்பது நல்லது.

பிறகு பேட்டைக்குள் நடந்தோம். இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரத்தில், பண்டைக் கிரேக்கர் வகுத்த தெருக்களின் வழியாகவே இன்றும் மக்கள் நடமாடுகின்றனர். அதனைக் காண உலகெங்கிலுமிருந்து பயணிகள் வருகின்றனர். நம் பேட்டையும் அவ்வகையினதே. தொட்டப்பேட்டையும் சிக்கப்பேட்டையும் சந்திக்கும் இடத்திலிருந்து நான்கு திசைகளிலும் எருதுகளைப் பூட்டி உழச்செய்து, கெம்பெ கௌடர் நகரத்தின் தெருக்களை வகுத்தார் என்று சொல்வர். தொட்டப்பேட்டைக்கு இப்போது அவென்யூ சாலை என்று பெயர். அக்கிப்பேட்டை அரிசிக்கு, பளேப்பேட்டை வளையலுக்கு, அரளேப்பேட்டை பஞ்சுக்கு, கும்பாரப்பேட்டை குயவருக்கு என்று தொழிலுக்கு ஒரு தெரு. திகளரப்பேட்டையில் தர்மராயர் கோயில் இருக்கிறது. தோட்டத் தொழிலில் தேர்ந்த திகளர் சமூகத்தார், தமிழகத்திலிருந்து வந்தவர் வழியினர் எனப்படுவர். சைத்திரப் பௌர்ணமி இரவில் அவர்கள் எடுக்கும் கரகம், மஸ்தான் சாகிபு தர்காவிற்கும் சென்று வருவது நெடுநாள் வழக்கம்.

ஒரு தர்ஷினியில் நின்றபடியே பகலுணவை முடித்துக்கொண்டு, மெஜஸ்டிக்கில் ஊதாத் தடத்திற்கு மாறி விதான சௌதாவை அடைந்தோம். 1956 இல் முடிந்த இம்மாளிகைக்கு எதிரே, 1868 இல் எழுந்த செந்நிற அட்டாரா கச்சேரி நிற்கிறது. இன்று அதில் உயர்நீதிமன்றம் நடைபெறுகிறது. அதனைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். ஈட்டிய பொருளைக் கல்விக்குச் செலவிட்ட தமிழர் அவர். பின்புறம் கப்பன் பூங்காவில் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம் இருக்கிறது. பாலக்காட்டுத் தமிழரான அவர் 1883 முதல் 1901 வரை மைசூர்த் திவானாக இருந்தார். அவர் காலத்தில் தொடங்கிய திட்டத்தின்படி, 1902 இல் சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. அச்சுரங்கங்களில் உழைத்தவருள் பெரும்பாலோர் நம் வடஆற்காட்டுப் பக்கத்து மக்கள். 1905 இல் அதே மின்சாரம் பெங்களூர்த் தெருக்களுக்கு விளக்கேற்றியது.

மாலையில் ஹலசூருக்குச் சென்றோம். ஹலசு என்றால் பலா. பலாத்தோப்பு இருந்த ஊராதலின் இப்பெயர் என்பர். சூத்திரம் தெரிந்த பிள்ளைகள் இதனைத் தாமே கண்டுபிடித்தார்கள். 1809 இல் ஆங்கிலேயர் இங்கே படைவீடு அமைத்தபோது, சென்னை இராஜதானியிலிருந்து சிப்பாய்களும் வணிகரும் கொத்தர்களும் வந்து குடியேறினர். 1864 இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்டுக்கு இரயில் வந்தபின் வருகை பெருகிற்று. நமக்கு முன்னே வந்த நம்மவர் இவர்கள்.

ஹலசூர் ஏரியருகே திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 1991 இல் நிறுவப்பெற்று, திறக்கப்படாமலே பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்தது. அவ்வாண்டு டிசம்பரில் காவிரிப் பூசலால் இந்நகரில் தமிழர்க்கு நேர்ந்த துன்பத்தை மூத்தோர் அறிவர். எங்களுடன் வந்த முதிய அம்மையார் ஒருவர், அந்நாளில் கைக்குழந்தையுடன் லாரியில் ஏறி ஓசூர் சென்றவர். "எங்களைக் கதவைச் சாத்தி உள்ளே வைத்திருந்ததும், இருட்டியபின் லாரி பிடித்து ஏற்றிவிட்டதும் எதிர்வீட்டுக் கன்னடத்தம்மாதான்" என்று அவர் மெல்லச் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. 2009 ஆகஸ்ட் 9 அன்று சிலை திறக்கப்பெற்றது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பெற்றது. இவ்வரலாற்றில் அச்சமும் உண்டு, அன்பும் உண்டு. இரண்டையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்வதே முறை.

மகளை ஊருக்கு அனுப்ப எண்ணிய தாயார் இன்னும் முடிவு செய்யவில்லை. அது அவர்கள் குடும்பக் காரியம். ஆனால் அப்பெண் திரும்பும் வழியில் நிலையப் பெயர்களைக் கன்னட எழுத்திலேயே ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்து வந்தாள். தாயார் அதைத் தடுக்கவில்லை, தவறு நேர்ந்த இடத்தில் சிரிக்கவுமில்லை.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். ஞாயிற்றுக்கிழமை சிக்கப்பேட்டையில் பல கடைகள் அடைத்திருக்கும். எனவே வேறு நாள் நல்லது. மெட்ரோ கட்டணம் பேருந்தினும் அதிகம். பெரிய குடும்பத்தார் போகும்போது மட்டும் அதில் சென்று, வரும்போது பேருந்தில் வரலாம். கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டையைக் காட்டும் பெண்களுக்கு, 2023 ஜூனில் வந்த சக்தித் திட்டத்தின்படி சாதாரணப் பேருந்தில் கட்டணமில்லை. முகவரியை இன்னும் மாற்றிக்கொள்ளாத சகோதரிகள் அதனை முதலில் செய்துகொள்க. தண்ணீரும் குடையும் உடன் இருக்கட்டும். முதியோர்க்குப் பேட்டை நடை கடினம். அவர்கள் லால்பாக்கையும் ஹலசூரையும் மட்டும் பார்த்தாலே போதும்.

பிறந்த ஊரை மறக்கச் சொல்வாரில்லை. வாழும் ஊரையும் அறிந்துகொள்வது நம் கடன். ஒரு நாளைச் செலவிடுங்கள். பிள்ளைகள் எழுதவேண்டிய கட்டுரைக்குப் பொருள் தானே கிடைக்கும்.