போன்ல ஒரு பிசியோ!

கட்டில்ல குப்புறப் படுத்துக்கிட்டு லேப்டாப், பஸ்ல தலையைக் கவிழ்த்துக்கிட்டு செல்போன்... செமஸ்டர் வர்றதுக்குள்ள 'ஐயோ, இடுப்பு!'ன்னு புலம்பல். உங்க கதையும் இதுதானா? கவலை வேணாம், துணைக்குப் பெரிய கூட்டமே இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-ல் கீழ்முதுகு வலியால் அவதிப்பட்டவர்கள் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேர்!

இத்தனை பேரும் பிசியோதெரபிஸ்ட் வீட்டு வாசல்ல க்யூ கட்ட முடியுமா? அதான் பிசியோவே போனுக்குள்ள வந்தாச்சு. ஜெர்மனியில் 2019-ல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். டாக்டர் மாத்திரை எழுதித் தர்ற மாதிரி ஆப்பையும் எழுதித் தரலாம். காசு, மருத்துவக் காப்பீட்டின் கணக்கில். முதுகுவலிக்கான 'விவிரா' ஆப்பும் அந்தப் பட்டியலில் இடம்பிடித்தது.

சில ஆப்கள் கேமரா வழியாக உங்கள் தோள், இடுப்பு, முட்டியைப் புள்ளிகளாகக் குறித்துக்கொள்ளும். புள்ளிகளுக்கு இடையிலான கோணத்தைக் கணக்குப் போட்டு, 'முட்டியை இன்னும் கொஞ்சம் மடக்குங்க'ன்னு சொல்லும்.

சரி, வலி குறையுமா? டென்மார்க், நார்வேயில் 461 பேரிடம் 'செல்ஃப்பேக்' ஆப்பைச் சோதித்தார்கள். முடிவு வெளியானது 2021-ல். வழக்கமான சிகிச்சையோடு ஆப்பும் வைத்திருந்தவர்களில் 100-க்கு 52 பேருக்கு, 3 மாதத்தில் அன்றாட வேலை செய்வதில் நல்ல முன்னேற்றம். ஆப் இல்லாதவர்களில் 39 பேருக்கு. ஆனா, சராசரியாகப் பார்த்தால் வித்தியாசம் சின்னதுதான். பலன் உண்டு, மாயாஜாலம் இல்லை!

இன்னொண்ணு. ஆப்புக்குக் கண் இருக்கு, கை இல்லை. வீக்கத்தைத் தொட்டுப் பார்க்காது. காலில் எவ்வளவு பலம் இருக்குன்னு அழுத்திப் பார்க்காது. வலியோடு காய்ச்சல், கீழே விழுந்தபின் வந்த வலி, ராத்திரி தூங்கவிடாத வலி என்றால் ஆப்பை மூடிட்டு டாக்டரைப் பாருங்க. கால் பலமிழப்பது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாதது என்றால் 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' கூடாது. உடனே ஆஸ்பத்திரி! அதெல்லாம் தண்டுவட நரம்புகள் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம்.

அப்படி எதுவும் இல்லையா? தாராளமா ஆரம்பிங்க. முதல் தடவை மட்டும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டை நேரில் பார்த்து, எந்தப் பயிற்சி உங்களுக்குன்னு கேட்டுக்கிட்டா இன்னும் நல்லது.

தினமும் ஞாபகப்படுத்துறது ஆப்போட வேலை. 'அப்புறம் பார்க்கலாம்'னு அதைத் தள்ளிவிடாம எழுந்திருக்க வேண்டியது நீங்கதான், பாஸ்!