பத்து மணிக்கு முன்னும் பின்னும்

2004-ஆம் ஆண்டின் கடைசி இரவன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி, காணாமற்போனவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் துப்பறியும் கதைத் தொடரான 'வித்தவுட் எ டிரேஸ்' என்பதில் ஓர் அத்தியாயத்தை ஒளிபரப்பியது. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் சிலர் விருந்தொன்றில் கூடி வரம்பு கடந்த களியாட்டத்தில் ஈடுபடுவதாக அதில் ஒரு காட்சி இருந்தது. நியூயார்க் வாசிகள் அதை இரவு பத்து மணிக்குப் பார்த்தார்கள். சிகாகோவின் கடிகாரத்திலோ அப்போது மணி ஒன்பதுதான். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை குழந்தைகள் பெட்டியின் முன் அமர்ந்திருக்கக்கூடும் என்ற அனுமானத்தின் மேல், அந்த நேரத்தில் அநாகரிகக் காட்சிகளைத் தடை செய்வது அந்நாட்டின் விதி. ஆகவே, கிழக்குக் கரையில் நிரபராதியாக இருந்த ஒரு காட்சி, நடுப்பிரதேசத்திலும் மலைப்பிரதேசத்திலும் குற்றவாளியாயிற்று. 2006 மார்ச் மாதம் எப்.சி.சி. என்னும் மத்திய ஆணையம், அப்பகுதிகளைச் சேர்ந்த 111 நிலையங்களுக்கு, நிலையம் ஒன்றுக்கு 32,500 டாலர் வீதம், ஏறத்தாழ 36 லட்சம் டாலர் அபராதம் விதிக்க முற்பட்டது. பிள்ளைகளைக் கண்காணியுங்கள் என்று பெற்றோரை எச்சரிப்பதே அக்கதையின் உத்தேசம் என்பது நிறுவனம் கூறிய சமாதானம். இதைச் சாமர்த்தியமான சாக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பருவ வயதினருக்கான தொலைக்காட்சியைப் பற்றிய விவாதத்தில் தீராத சிக்கலே அந்தச் சமாதானத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

கடிகாரத்தைக் கொண்டு ஒழுக்கத்தைக் காக்கும் எண்ணம் புதியதன்று. 1974-இல் என்.பி.சி. ஒளிபரப்பிய 'பார்ன் இன்னொசென்ட்' என்ற படம், சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கப்பட்ட ஒரு சிறுமி அனுபவித்த கொடுமையை மாலை நேரத்திலேயே வீடுகளுக்குள் கொண்டுவந்தபோது எழுந்த ஆட்சேபமும், அதைத் தொடர்ந்து சட்டசபையாளர்கள் கொடுத்த நெருக்கடியும் சேர்ந்து, எப்.சி.சி. தலைவராயிருந்த ரிச்சர்ட் வைலியை மூன்று பெரிய நிறுவனங்களின் அதிபர்களோடு பேச்சுவார்த்தையில் இறங்கச் செய்தன. விளைவு, 1975-இல் பிறந்த 'குடும்ப நேரம்': இரவு ஒன்பது மணி வரை குடும்பத்தார் கூடிப் பார்க்கத் தகாத எதுவும் வராது என்ற ஏற்பாடு. அதுவரை சனிக்கிழமை எட்டு மணிக்கு வந்துகொண்டிருந்த 'ஆல் இன் தி ஃபேமிலி', பெயரில் குடும்பத்தைச் சுமந்திருந்தும், குடும்ப நேரத்திலிருந்து வெளியேற்றப்பட்டுத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் போயிற்று. அதன் கர்த்தா நார்மன் லியரும் எழுத்தாளர் சங்கத்தாரும் வழக்குத் தொடுக்க, அரசாங்கம் மறைமுகமாக வற்புறுத்திப் பெற்ற இந்தச் சம்மதம் பேச்சுச் சுதந்திரத்துக்கு விரோதமானது என்று 1976-இல் நீதிபதி வாரன் ஃபெர்குசன் தீர்ப்பளித்தார்.

நேரம் தோற்ற இடத்தில் யந்திரம் வந்தது. 1996-ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டம், 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளும் 'வி-சிப்' என்ற சில்லைப் பொருத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. 2000 ஜனவரி முதல் அது எல்லாப் புதுப் பெட்டிகளிலும் இருந்தது. நிகழ்ச்சியோடு சேர்ந்து வரும் குறியீட்டை அந்தச் சில்லு படித்து, பெற்றோர் விலக்கச் சொன்னதை விலக்கும். டிவி-14 என்றால் பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஏற்றதல்ல, டிவி-எம்.ஏ. என்றால் வயது வந்தவர்களுக்கு மட்டும். வன்முறை, பாலுறவு, கொச்சைமொழி ஆகியவற்றுக்குத் தனித்தனி எழுத்துகள். ஏற்பாட்டைப் பார்த்தால் குறை சொல்லத் தோன்றாது. ஆனால் இந்தக் குறியீட்டை நிகழ்ச்சிக்கு இடுகிறவர்கள் யார் என்று கேட்டால், நிகழ்ச்சியை ஒளிபரப்புகிறவர்களே என்பதுதான் பதில். மாணாக்கன் தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்துவது போன்ற இம்முறையை, 1995-இல் பிரெண்ட் போசெல் ஆரம்பித்த 'பேரண்ட்ஸ் டெலிவிஷன் கவுன்சில்' ஓயாமல் கண்டித்துவந்தது நியாயமே. மற்றொரு புறம், 2004-இல் கைசர் குடும்ப அறக்கட்டளை நடத்திய ஆய்வில், வி-சிப்பைப் பயன்படுத்தியதாகச் சொன்ன பெற்றோர் நூற்றுக்குப் பதினைந்து பேர்தாம். பூட்டு வேண்டும் என்று போராடிப் பெற்றவர்களில் பெரும்பாலோர் சாவியைக் கையால் தொடவேயில்லை. இதைப் பெற்றோரின் அசிரத்தை என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? வேலைக்குப் போய்த் திரும்பிய களைப்பில், கைப்புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்தைத் தேடிப் பிடித்து யந்திரத்துக்கு உபதேசம் செய்ய எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

எதைக் காட்டினால் கெடுதல் என்பதே பெற்றோரின் கேள்வியாக இருந்தது. எப்படிக் காட்டினால் கெடுதல் என்பது ஆராய்ச்சியாளர்களின் கேள்வி. 2004-இல் ராண்ட் நிறுவனத்தார் 12 முதல் 17 வயதுக்குட்பட்ட 1,792 பேரை ஓர் ஆண்டு தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், பாலுறவு மிகுந்த நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்தவர்கள், குறைவாகப் பார்த்தவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு அதிகமாக அடுத்த ஆண்டுக்குள் அந்த உறவில் பிரவேசித்ததாகக் கண்டார்கள். பத்திரிகைகள் பிரமாதப்படுத்தியது இதைத்தான். அதே ஆய்வில், அந்த உறவின் அபாயங்களைக் காட்டும் காட்சிகளை அதிகம் பார்த்த கறுப்பின இளைஞர்கள் அதில் இறங்குவது குறைந்திருந்தது என்ற முடிவும் இருந்தது. அதைப் பேசியவர் சிலரே.

இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் மூன்று நிகழ்ச்சிகளின் கதி விசித்திரமாய்த் தோன்றுகிறது.

முதலாவது 'ஸ்கின்ஸ்'. பிரிட்டனில் பிரையன் எல்ஸ்லி என்ற தந்தையும் ஜேமி பிரிட்டன் என்ற அவர் புதல்வரும் சேர்ந்து உண்டாக்கிய தொடர் அது. பிரிஸ்டல் நகரத்துப் பிள்ளைகளின் போதை, காமம், தனிமை ஆகியவற்றை ஒளிவுமறைவின்றிக் காட்டியது. அதன் அமெரிக்கப் பிரதியை 2011 ஜனவரியில் எம்.டி.வி. வெளியிட்டபோது, நடித்தவர்களிலேயே சிலர் பதினெட்டு வயது நிரம்பாதவர்களாக இருந்தமையால், குழந்தைகளை ஆபாசமாகப் படமெடுப்பதைத் தண்டிக்கும் சட்டத்தையே பிரயோகிக்க வேண்டும் என்ற கூக்குரல் எழுந்தது. குழந்தைகளுக்கு இதைவிட அபாயகரமான நிகழ்ச்சி வந்ததில்லை என்றது பெற்றோர் கவுன்சில். டாக்கோ பெல், ஜெனரல் மோட்டார்ஸ் முதலிய விளம்பரதாரர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். சட்டம் எதுவும் செய்யுமுன் பணம் காரியத்தை முடித்துவிட்டது. பத்து அத்தியாயங்களோடு தொடர் அஸ்தமித்தது. அதைப் பார்க்க உட்கார்ந்தவர்களின் தொகையும் முதல் வாரத்துக்குப் பிறகு வெகுவாகச் சரிந்துவிட்டது என்பதை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

இரண்டாவது, அதே எம்.டி.வி. 2009-இல் தொடங்கிய '16 அண்ட் பிரெக்னன்ட்'. பள்ளியில் படிக்கும்போதே கர்ப்பமுற்ற உண்மையான பெண்களின் வாழ்வைப் பின்தொடர்ந்து படமெடுத்த இந்நிகழ்ச்சி, அந்த நிலைமைக்கே ஒரு கவர்ச்சியை உண்டாக்குகிறது, பத்திரிகை அட்டையில் படம் வரும் என்று பெண்கள் ஆசைப்படுவார்கள் என்று பலர் அஞ்சினார்கள். அச்சம் நியாயமானதுதான். பின்னர் மெலிசா கியர்னி, பிலிப் லெவின் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் கணக்கெடுத்து 2015-இல் பிரசுரித்த கட்டுரை, அந்நிகழ்ச்சியால் பதின்பருவத்துப் பிரசவங்கள் 4.3 சதவீதம் குறைந்ததாகக் கூறிற்று. இரவில் அழும் குழந்தையும், வராமற்போன காதலனும், பாதியில் நின்ற படிப்பும் உபதேசத்தைவிடப் பலமாக வேலை செய்தன போலும். இந்தக் கணக்கின் முறையை மறுத்து வேறு பொருளாதார அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகையால் அதைக் கல்லில் எழுத்தாகக் கொள்வதற்கில்லை.

மூன்றாவதுதான் என்னை அதிகம் கலங்கவைப்பது. ஜே ஆஷர் 2007-இல் எழுதிய நாவலைத் தழுவி, 2017 மார்ச் 31 அன்று நெட்ஃப்ளிக்ஸ் ஒரே நாளில் பதின்மூன்று அத்தியாயங்களாக வெளியிட்ட '13 ரீசன்ஸ் வை', தற்கொலை செய்துகொண்ட ஒரு பள்ளி மாணவி ஒலிநாடாக்களில் விட்டுச் சென்ற வார்த்தைகளால் நகர்கிறது. எடுத்தவர்களின் நோக்கம் உயர்ந்தது: கேலியும் பலாத்காரமும் ஒரு குழந்தையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று காட்டுவது, மரணத்தை மறைக்காமல் காட்டினால்தான் அதன் கோரம் மனத்தில் பதியும் என்பது அவர்கள் வாதம். மனநல வைத்தியர்களோ இதற்கு நேர்மாறாக, வழியைக் காட்டாதே, விவரிக்காதே என்று பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளுக்குச் சொல்லிவந்தவர்கள். போதனையாக எண்ணிச் செய்த ஒன்று தொற்றாகலாம் என்பதே அவர்கள் பயம். 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தொடர் வெளியான மறுமாதமான ஏப்ரலில், 10 முதல் 17 வயதினரிடையே தற்கொலை விகிதம் 28.9 சதவீதம் உயர்ந்திருந்ததைக் கண்டது. கதாநாயகி பெண்ணாயிருக்க, உயர்வு தெளிவாகத் தெரிந்ததோ ஆண் பிள்ளைகளிடம். மறு ஆண்டே டான் ரோமர் என்ற ஆய்வாளர் அதே புள்ளிவிவரங்களை வேறு விதமாகக் கணக்கிட்டு, ஆண் பிள்ளைகளிடம் கண்ட உயர்வை அத்தொடரின் தலையில் சுமத்துவதற்கில்லை என்றார்.

இந்தத் தொடர் வந்த வழியில் கடிகாரமும் இல்லை, சில்லும் இல்லை, விலகிக்கொள்ள விளம்பரதாரரும் இல்லை. மாதச் சந்தா செலுத்திய தந்தை உறங்கும் நேரத்தில், பக்கத்து அறையில் மகன் போர்வைக்குள் பார்க்கலாம். நியூசிலாந்தின் தணிக்கை அலுவலகம் மட்டும் இதற்கென்றே ஆர்.பி.18 என்ற புது வகையை ஏற்படுத்தி, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோருடனோ காப்பாளருடனோதான் பார்க்கலாம் என்றது. அருகில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கேட்கும் விதி. எந்த அதிகாரியும் எந்த வீட்டுக்குள்ளும் வந்து சோதிக்க முடியாத விதி.

கண்டனங்கள் எழுந்தும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கத்தரியை எடுக்காதிருந்த நெட்ஃப்ளிக்ஸ், வைத்தியர்களின் ஆலோசனையை ஏற்று அந்த மரணக் காட்சியை 2019 ஜூலையில் வெட்டி எடுத்தது. ஏறத்தாழ மூன்று நிமிஷம். 2017-இல் பதினாறு வயதில் அதைப் பார்த்தவர்களுக்கு அப்போது பதினெட்டு ஆகியிருந்தது.