உஷார்! லண்டன் விசா இனி ரெண்டு வருஷம் இல்லை

பிள்ளையை லண்டனுக்கு எம்.எஸ்சி. படிக்க அனுப்ப வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைத்திருப்பவர்கள் முதலில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2027 ஜனவரி 1. படிப்பு முடித்தவர்கள் பிரிட்டனில் தங்கி வேலை பார்க்கக் கொடுக்கும் ‘கிராஜுவேட் விசா’, அன்றிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு கிடையாது, பதினெட்டு மாதம்தான். பிஎச்.டி. முடித்தவர்களுக்கு மட்டும் பழையபடி மூன்று ஆண்டு. 2025 மே மாதம் பிரிட்டன் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் வந்த இந்த முடிவு, அதே ஆண்டு அக்டோபரில் விதியாகவே ஆகிவிட்டது. ஆனாலும் நம் பக்கத்தில் ‘ஒரு வருஷம் படிப்பு, ரெண்டு வருஷம் வேலை’ என்ற பழைய பாட்டையே இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

மதுரை விளாங்குடியில், பாத்திமா கல்லூரி தாண்டி உள்ளே தள்ளி ஒரு வீடு. அப்பா பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் வியாபாரம். அந்த அம்மா மஞ்சப் பையிலிருந்து பத்திரம், வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்பிவிட்டுச் சொன்னார்: “ரெண்டு வருஷம் வேலை பார்த்தா லோன் அடைஞ்சிரும்னு ஏஜென்சி ஆபீஸ்ல எழுதியே குடுத்தாங்கண்ணே.” எழுதிக் கொடுத்த தாளையும் காட்டினார். மாதச் சம்பளம், மாதச் செலவு, மிச்சம், இருபத்து நாலு மாதம் என்று பேனாவால் பெருக்கிப் போட்டிருந்தது. வேலை தேடும் மாதங்கள் அதில் இல்லை. விசாக் கட்டணமும் இல்லை, வட்டியும் இல்லை. இருபத்து நாலு என்ற எண்ணே தப்பு என்று சொன்னபோது அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஏற்கெனவே போய்விட்ட பிள்ளைகளுக்குத்தான் அவசரம் அதிகம். 2025 செப்டம்பரில் ஒரு வருடப் படிப்புக்குச் சேர்ந்தவர்களின் மாணவர் விசா, படிப்பு முடிந்து நான்கு மாதம் கூடுதலாக, 2027 ஜனவரி வாக்கில்தான் முடியும். மாணவர் விசாவின் கடைசி நாள் வரை இழுத்து, அப்புறம் கிராஜுவேட் விசா போட்டால் அங்கே இருக்கும் காலம் கூடும் என்பது சீனியர்கள் வழிவழியாகச் சொல்லும் யோசனை. இந்த முறை அதைக் கேட்டால் ஆறு மாதம் போச்சு. 2026 டிசம்பர் 31-க்குள் விண்ணப்பித்தால் இரண்டு ஆண்டு. மறுநாள் விண்ணப்பித்தால் பதினெட்டு மாதம். படிப்பை முடித்துவிட்டார் என்று பல்கலைக்கழகம் பிரிட்டன் உள்துறைக்குத் தெரிவித்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும் என்பதால், ஆய்வேட்டுக்குக் கூடுதல் அவகாசம் கேட்பவர்கள், ஒரு பாடத்தில் மறுதேர்வு வைத்திருப்பவர்கள் நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டமளிப்பு விழா வரை காத்திருக்கத் தேவையே இல்லை. ரிசல்ட் உள்துறைக்குப் போய்விட்டதா என்று பல்கலைக்கழகத்தில் கேளுங்கள், அன்றைக்கே போடுங்கள். 2026 செப்டம்பரிலோ அதற்குப் பிறகோ சேர்பவர்கள் கணக்கை ஆரம்பத்திலேயே பதினெட்டில் வைக்கட்டும்.

விண்ணப்பிக்கும்போது பிள்ளை பிரிட்டனுக்குள் இருக்க வேண்டும். விளாங்குடியில் உட்கார்ந்து போட முடியாது. போட்ட பிறகும், முடிவு வருவதற்குள் ஊருக்கு விமானம் ஏறினால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள். முடிவு வர எட்டு வாரம் வரை ஆகலாம். அக்கா கல்யாணம், தாத்தா காரியம் எதுவானாலும் அந்த எட்டு வாரத்தில் பிள்ளையை ‘வந்துட்டுப் போப்பா’ என்று கூப்பிட்டுவிடாதீர்கள். பாசத்தில் ஒரு போன் போட்டு விசாவைக் கெடுக்கும் ஆபத்து நிஜமானது.

பணத்துக்கு வருவோம். 2025 நிலவரப்படி இந்த விசாவுக்குக் கட்டணம் 880 பவுண்டு. அதோடு மருத்துவ சர்சார்ஜ் ஆண்டுக்கு 1,035 பவுண்டு, முழுவதும் முன்பணமாக. இரண்டு ஆண்டுக்கு மொத்தம் 2,950 பவுண்டு. பவுண்டை 115 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 3.4 லட்சம் ஆகிறது. படிப்பு முடிந்து கையில் காசு இல்லாத நேரத்தில் வரும் செலவு இது; எந்த ஏஜென்சித் தாளிலும் இது இருப்பதில்லை. 25 லட்சம் கடனுக்கு 11 சதவீத வட்டி என்றால் வட்டி மட்டும் வருடத்துக்கு 2.75 லட்சம். சில தனியார் கடன் நிறுவனங்கள் படிக்கும்போதே வட்டியைக் கேட்கும்.

சரி, பதினெட்டு மாதத்துக்குப் பிறகு? கிராஜுவேட் விசாவை நீட்டிக்க முடியாது, ஒருமுறைதான். அங்கேயே தொடர, உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று ஸ்பான்சர் செய்து ‘ஸ்கில்டு வொர்க்கர்’ விசாவுக்கு மாற வேண்டும். அதற்கான பொதுவான சம்பள வரம்பு 2024 ஏப்ரலில் 26,200 பவுண்டிலிருந்து ஒரே தாவலில் 38,700 ஆனது. 2025 ஜூலை 22 முதல் 41,700. இப்போதுதான் படித்து முடித்தவர்களுக்குச் சலுகை வரம்பு உண்டு, அதுவே 33,400. வேலையும் பெரும்பாலும் பட்டதாரித் தரத்தில் இருக்க வேண்டும். 2025-இன் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு; சூப்பர் மார்க்கெட்டிலோ கிடங்கிலோ வாரம் 40 மணி நேரம், வருடம் முழுக்க நின்றால்கூட 25,400-ஐத் தொடாது. ஆகவே ‘ஏதாவது ஒரு வேலையில் உட்கார்ந்துட்டா அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பது நடக்காது. முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் வழியும் அதே ஜூலை 22-இல் அடைக்கப்பட்டுவிட்டது. அந்த வேலைக்கு விசா வாங்கித் தருகிறேன் என்று இன்றும் ஒருவர் ஆரப்பாளையத்தில் பணம் வாங்கினால் அது பச்சைப் பொய்.

விதிகள் பாதி வழியில் மாறும் என்பது புதிதும் இல்லை. இதேபோன்ற படிப்புக்குப் பிந்தைய விசாவை, தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது 2012 ஏப்ரலில் மூடினார்கள். அதை நம்பிப் போனவர்கள் பலர் கடனோடு திரும்பினார்கள். 2021 ஜூலையில் கிராஜுவேட் விசா வரும்வரை ஒன்பது ஆண்டு அந்தக் கதவு திறக்கவில்லை. கனடாவும் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதிக்கு 2024 நவம்பரிலிருந்து மொழித் தேர்வு, பாடப்பிரிவு என்று நிபந்தனை போட்டிருக்கிறது. ஆஸ்திரேலியா பெரும்பாலானவர்களுக்கு வயது வரம்பை 35 ஆக்கிவிட்டது.

நெருக்கடி முற்றும் இடத்தில்தான் திருடன் வருகிறான். விசா முடிய மூன்று மாதம் இருக்கும்போது, ‘ஸ்பான்சர்ஷிப் சர்டிபிகேட் இருக்கு, இத்தனை லட்சம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் வரும். அது தமிழ்க் குரலாகவே இருக்கும். நிறுவனம் அந்தச் சான்றிதழுக்கும் ஸ்பான்சர் உரிமத்துக்கும் கட்டும் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பது விதி. காசு கொடுத்து வாங்கியபின் அந்த நிறுவனத்தின் உரிமம் பறிபோனால், வேறு ஸ்பான்சர் தேடப் பொதுவாக 60 நாள்தான் தருவார்கள். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. இந்தியாவிலும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். 18 முதல் 30 வயது இந்தியப் பட்டதாரிகளுக்கான பிரிட்டனின் ‘யங் ப்ரொபெஷனல்ஸ்’ விசாவுக்குக் குலுக்கல் நடக்கிறதே, அதில் பெயர் கொடுக்கப் பைசா கிடையாது. ‘குலுக்கலில் ஜெயிக்க வைக்கிறேன்’ என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் சொல்ல வேண்டும். மாஸ்டர்ஸ் படிப்பில் கோடையில் ஆய்வேடு எழுதும் மாதங்கள் விடுமுறை ஆகாது. வாரம் 20 மணி நேர வரம்பு அப்போதும் உண்டு. ‘சம்மர்தானே’ என்று முழுநேரம் நின்று மாட்டினால் அடுத்த விசாவே கிடைக்காமல் போகலாம். ஈஸ்ட் ஹாமிலோ இல்ஃபோர்டிலோ அறையைப் பார்க்காமல், போட்டோவை நம்பி மதுரையிலிருந்தே அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். சாதாரண வாடகை ஒப்பந்தத்தில் ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கக் கூடாது. வாங்கியதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். உள்வாடகைக்கு விடுபவர் ‘நம்மாளு’ என்பதற்காக ரசீது கேட்காமல் இருக்காதீர்கள். ‘உன் பேங்க் அக்கவுண்ட்ல கொஞ்ச நாள் பணம் வந்துட்டுப் போகட்டும், கமிஷன் தர்றேன்’ என்றால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். அது கறுப்புப் பணத்தைக் கடத்தும் வேலை. சிறைத் தண்டனை வரை போகும்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் ஒன்று. ‘மாப்பிள்ளை லண்டன்ல வேலை’ என்று ஜாதகம் வரும்போது என்ன விசா என்று கேளுங்கள். கிராஜுவேட் விசாவில் இருப்பவர் புதிதாகக் கல்யாணம் செய்து இங்கிருந்து மனைவியைத் தன் விசாவில் அழைத்துப் போக முடியாது. 2024 ஜனவரி முதல் சாதாரண மாஸ்டர்ஸ் மாணவர்களுக்கும் அதே கதைதான். பிரிட்டனில் இப்போது விசா ஆன்லைனில்தான் இருக்கிறது. மாப்பிள்ளை தன் கணக்கிலிருந்து ‘ஷேர் கோடு’ ஒன்றை எடுத்துத் தந்தால், அதையும் பிறந்த தேதியையும் போட்டு எந்த விசா, எந்தத் தேதி வரை என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எடுக்க ஐந்து நிமிஷம் போதும். தட்டு மாற்றுவதற்கு முன்னால் கேளுங்கள்.