கேமுக்கு டிவி வாங்கப் போறீங்களா? கன்சோலைத் தூக்கிட்டுப் போங்க

பெரம்பலூரோ அரியலூரோ, டிவி கடையில ஓடுறது டெமோ வீடியோதான். கலர் கண்ணைப் பறிக்கும். ஆனா பட்டனை அமுக்கினதுக்கும் திரையில அடி விழுறதுக்கும் நடுவுல ஆகிற தாமதம் அதுல தெரியாது. அதுதான் இன்புட் லேக். படத்தை அழகாக்க டிவி செய்யிற வேலைகளால அது கூடும். கேம் மோட் போட்டா குறையும்.

அடுத்து, பேனல் நிஜமாவே 120 ஹெர்ட்ஸா? சில டிவில 'மோஷன் ரேட் 120'னு போட்டிருக்கும், பேனல் 60தான். பிஎஸ்5-ல 4கே 120 வேணும்னா எச்டிஎம்ஐ 2.1 போர்ட்டும் வேணும். எல்லா போர்ட்டும் 2.1-ஆ இருக்காது, கேளுங்க.

பட்ஜெட் கம்மியா? 4கே 60, நல்ல கேம் மோட் போதும். நிறைய கேம் 60-ஐத் தாண்டாது. கன்சோலைக் கடையிலேயே மாட்டி விளையாடிப் பாருங்க. கூச்சப்படாதீங்க, ஈஎம்ஐ கட்டப்போறது நீங்கதானே!