மணி பிளான்ட்டுக்கும் பராமரிப்பு உண்டு

வாடகை வீட்டு ஜன்னல் ஓரம், மளிகைக் கடையின் கல்லாப்பெட்டிப் பக்கம், கிளினிக்கின் வரவேற்பு மேசை என்று மணி பிளான்ட் இல்லாத இடம் அபூர்வம். ஒரு கணுவை வெட்டித் தண்ணீரில் போட்டால் வேர்விட்டுவிடும். தென்கிழக்கு மூலையில் வைத்தால் பணம் சேரும் என்ற நம்பிக்கையும் கூடிக்கொள்ள, பசிபிக் கடலின் மோரேயா தீவில் பிறந்த இந்தக் கொடி நம் வீடுகளில் நிலைத்துவிட்டது. நம்பிக்கை அவரவர் விருப்பம். ‘பராமரிப்பே வேண்டாம்’ என்று சொல்லி விற்கிறார்களே, என் கவலை அதைப் பற்றித்தான். செடிக்கு வேண்டாமலிருக்கலாம், அது நிற்கும் தண்ணீருக்குக் கட்டாயம் வேண்டும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடையைவிட வீட்டில் தேங்கும் தெளிந்த நீர்தான் பிடிக்கும். பாட்டிலின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டைகளை ஒட்டிவைக்கும். தண்ணீரை மாற்றினாலும் அவை போகாது. காய்ந்துபோனாலும் பல மாதம் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரியும். அதன்பின் கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை தண்ணீரை மண்ணில் கொட்டி, பாட்டிலின் உள்பக்கத்தை பிரஷ்ஷால் தேய்த்து, வேரையும் அலசுங்கள். தொட்டிச் செடியானால் அடியில் இருக்கும் தட்டையும் பாருங்கள். 2001-இல் சீனாவிலிருந்து கலிபோர்னியாவுக்குத் தண்ணீரில் வைத்து அனுப்பிய ‘லக்கி பாம்பூ’ செடிகளோடு, ஏடிஸ் வகையைச் சேர்ந்த ஆசியப் புலிக்கொசுவும் கப்பலேறிப் போய்ச் சேர்ந்தது. கொசு ஒழிப்புப் பணியாளர் வரும்போது இந்த பாட்டில்களையும் காட்டுங்கள். புழு இருந்தால் அபராதம் விதிக்க உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு. கட்டினால் ரசீது கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

அடுத்தது குழந்தைகள். பார்ப்பதற்கு வெற்றிலை போலவே இருக்கும் இந்த இலைக்குள் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. சேப்பங்கிழங்கைச் சரியாக வேகவைக்காவிட்டால் நாக்கு அரிக்குமே, அதற்குக் காரணமும் இதே படிகம்தான். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். தவழும் குழந்தை இலையை மென்றால் வாய் எரியும், எச்சில் வழியும், உதடும் நாக்கும் வீங்கலாம். வாயில் இருப்பதை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, கழுவி, குளிர்ந்த நீரோ பாலோ சிறிது கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் எதுவும் கொடுக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் காட்ட ஓர் இலையைக் கையோடு கொண்டுபோங்கள். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும், பேசத் தெரியாத குழந்தைக்கு அந்த எரிச்சல் பெரிய வேதனை. கொடியைக் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிடுவதே நல்லது. பூனைக்கும் நாய்க்கும் இது ஆகாது. சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும்; வெட்டிய கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

வெட்டிய கொடியை ஏரிக்கரையிலோ தோப்போரத்திலோ எறியவும் கூடாது. மண்ணில் ஊன்றி மரமேறிவிட்டால் இலை ஒரு முழத்துக்கு மேலும் பெரிதாகும். இலங்கையில் காட்டுத் தரையை மூடிப் படர்ந்து, ஆக்கிரமிப்புத் தாவரமாகவே ஆகிவிட்டது.

இனி விற்பவர்களின் வாக்குறுதி. ‘வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும்’ என்ற விளம்பரத்துக்கு நாசாவின் 1989 ஆய்வைக் காட்டுவார்கள். அது மூடிய சிறு பெட்டிக்குள் நடந்த சோதனை. கட்டடங்களில் வழக்கமாக நடக்கும் காற்றோட்டத்துக்கு இணையான பலன் வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள்வரை வேண்டும் என்று 2019-இல் வெளியான மறுஆய்வு கணக்கிட்டது. ஆஸ்துமா இருப்பவர் இதை நம்பிப் பணம் கொடுத்து ஏமாறுவது எனக்குக் கோபமூட்டுகிறது. தவறான விளம்பரம் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் செய்யலாம்.

ஆன்லைனில் வாங்கிய செடி அழுகியோ, படத்தில் கண்டதற்கு மாறாகவோ வந்தால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, பில்லோடும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுதுங்கள். அவர் ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால், 2 ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி, நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.