உலைக்கு விறகு தேடிய கதை



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, கவிதை எழுதத்தான் முதலில் நினைத்தேன். நம் மலரில் கவிதைக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. எனவே ஒரு விஞ்ஞான விஷயத்தை எழுதலாம் என்று துணிந்தேன். அதை ஒரு தப்பிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. தப்பு என்னுடையதுதான்.

முதலாண்டு கெமிஸ்ட்ரி லேப். தண்ணீரின் கடினத்தன்மையைக் கண்டுபிடிக்கும் டைட்ரேஷன். முதல் தடவை பியூரெட் 12.4 காட்டியது. இரண்டாம் தடவை 12.9. மூன்றாவது தடவை செய்யப் பொறுமை இல்லை. 12.9-ஐ அழித்துவிட்டு 12.4 என்று எழுதினேன். இரண்டும் ஒத்துப்போய்விட்டன அல்லவா? நோட்டைப் பார்த்த சார் நிமிராமலே கேட்டார்: "இந்த ரெண்டாவது 12.4 நீ பாத்ததா, எழுதினதா?"

நான் வாயைத் திறக்கவில்லை. 'அரை மில்லிதானே!' என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

காட்டாங்குளத்தூரில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். தினமும் செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் என்று பல வருஷம் கல்பாக்கம் போய்வந்து, அங்கே ரசாயனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்று சாயங்காலம் அவரிடம் என் சோகத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"அரை மில்லிதானேங்கறியா தம்பி? அணு உலைக்கு விறகு தேடினவங்க கதை உனக்குத் தெரியாது. உக்காரு."

அன்று அவர் சொன்னதையும், பிறகு நூலகத்தில் நான் படித்ததையும் சேர்த்து உங்களுக்குத் தருகிறேன்.

பற்றாத விறகு

யுரேனியம்-235 அணுவை ஒரு நியூட்ரான் தாக்கினால் அணு இரண்டாகப் பிளக்கிறது. வெப்பம் வருகிறது. கூடவே இரண்டு அல்லது மூன்று புதிய நியூட்ரான்கள் வருகின்றன. அவற்றில் ஒன்றாவது இன்னொரு அணுவைப் பிளக்க வேண்டும். அப்போதுதான் சங்கிலி அறுபடாமல் தொடரும். ஆனால் இயற்கை யுரேனியத்தில் இந்த 235 வகை 0.7 சதவீதம்தான். ஆகவே ஒவ்வொரு நியூட்ரானும் உலைக்குச் செல்வம்.

இந்தச் செல்வத்தைத் திருடும் தனிமங்கள் சில உண்டு. போரான், காட்மியம் இரண்டும் அதில் பெரிய திருடர்கள். ஒரு டன் யுரேனியத்தில் ஒரு கிராம் போரான்கூட இருக்கக் கூடாது என்றால் நம்புவீர்களா? அதைவிடவும் குறைவாகத்தான் அனுமதிக்கிறார்கள்.

மாமா சொன்னது இது: "ஈர விறகுன்னா புகையும், கண்ணு எரியும். ஆனாலும் ஊதி ஊதி எரிய வச்சிடலாம். போரான் கலந்த யுரேனியத்த எவ்வளவு ஊதினாலும் உலை பத்தாது."

முதல் உலையின் பஞ்சம்

1942 டிசம்பர் 2-ம் தேதி அமெரிக்காவின் சிகாகோ நகரில் என்ரிகோ ஃபெர்மி குழுவினர் உலகின் முதல் அணு உலையை இயக்கினார்கள். பௌதிகம் தயாராக இருந்தது. எரிபொருள்தான் தயாராக இல்லை. சுத்தமான யுரேனிய உலோகம் உலகத்திலேயே போதிய அளவு கிடைக்கவில்லை. அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் ஃபிராங்க் ஸ்பெடிங் என்ற வேதியியல் பேராசிரியரின் குழு அவசர அவசரமாகச் செய்து அனுப்பியது சுமார் இரண்டு டன். வேறு இடங்களிலிருந்து வந்ததையும் சேர்த்து ஆறு டன் அளவுக்குத்தான் உலோகம் தேறியது. உலையின் நடுப்பகுதியில் உலோகத்தை வைத்து, மீதி இடத்தில் யுரேனிய ஆக்ஸைடை அடுக்கினார்கள். அணு யுகத்தின் முதல் தட்டுப்பாடு சுத்தமான சரக்குக்குத்தான்.

கயிற்றோடு போன மணல்

நம் நாட்டுக் கதை குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியில் தொடங்குகிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அந்நாளில் அது காஸ் விளக்கு மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. நம் ஊர்க் கல்யாண ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் பளீரென்று எரிந்ததும் தோரியத்தின் தயவால்தான். மோனசைட்டில் சிறிதளவு யுரேனியமும் உண்டு.

1948-ல் அணுசக்தி கமிஷன் அமைந்தது. 1952-ல் கேரளத்தின் ஆலுவாயில் மோனசைட்டைப் பதப்படுத்தும் ஆலை திறக்கப்பட்டது. 1956 ஆகஸ்ட் 4-ம் தேதி பம்பாய் அருகே டிராம்பேயில் அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. உலை நம்முடையது, எரிபொருள் இங்கிலாந்திலிருந்து வந்தது. அடுப்பை நாம் கட்டி, விறகை அடுத்த வீட்டில் கடன் வாங்கிய மாதிரி.

இந்தக் குறையைத் தீர்க்க டிராம்பேயில் வேதியியலாளர்களும் உலோகவியலாளர்களும் இறங்கினார்கள். ஹோமி சேத்னா, பிரம்ம பிரகாஷ் போன்றவர்கள் முன்னின்றார்கள். வேலை இப்படி: கச்சா யுரேனியத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். டிரைபியூட்டைல் பாஸ்பேட் என்ற திரவத்தை மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் கலந்து, அதோடு சேர்த்துக் கலக்க வேண்டும். யுரேனியம் எண்ணெய்ப் பக்கம் தாவிவிடும். அசுத்தங்கள் அமிலத்திலேயே நின்றுவிடும். பிறகு மீண்டும் தண்ணீருக்குக் கொண்டுவந்து, அம்மோனியாவால் மஞ்சள் வீழ்படிவாக்கி, சுட்டு, ஹைட்ரஜனால் ஒடுக்கி, ஹைட்ரஜன் ஃபுளோரைடு செலுத்தினால் பச்சை உப்பு கிடைக்கும். அதைக் கால்சியம் அல்லது மெக்னீசியத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் யுரேனிய உலோகம் உருகி அடியில் தங்கும்.

சொல்லும்போது சுலபம். ஒவ்வொரு படியிலும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். மாதிரியை மின்பொறியில் எரித்து, வரும் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, எந்தத் திருடன் எவ்வளவு ஒளிந்திருக்கிறான் என்று பார்க்க வேண்டும். 1959 ஜனவரி 30-ம் தேதி அணு உலைத் தரமுள்ள முதல் யுரேனியக் கட்டி வெளிவந்தது. 1960 பிப்ரவரியில் சைரஸ் உலைக்கான முதல் பத்து எரிபொருள் தண்டுகள் தயாராயின. அந்த உலை அதே ஆண்டு ஜூலை 10-ம் தேதி இயங்கியது.

உலோகமா, ஆக்ஸைடா, கார்பைடா?

சுத்தம் செய்தால் போதுமா? போதாது. யுரேனிய உலோகம் உலைக்குள் சும்மா இருக்காது. சூடேற ஏற அதன் படிக அமைப்பு மாறும். ஒரு திசையில் நீளும், இன்னொரு திசையில் சுருங்கும். பிளவில் பிறக்கும் வாயுக்களால் உப்பும். மூடியிருக்கும் குழாய் கிழிந்தால் கதிரியக்கம் குளிர்விக்கும் நீரில் கலந்துவிடும்.

யுரேனியம் டை ஆக்ஸைடு பீங்கான் ஜாதி. உலோகம் 1,132 டிகிரியில் உருகும். இது சுமார் 2,800 டிகிரி வரை தாங்கும். தண்ணீரோடும் சண்டை போடாது. ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் மந்தம். இருந்தாலும் ஐம்பதுகளில் நடந்த ஆராய்ச்சியின் பயனாக, உலகின் பெரும்பாலான மின் உலைகள் இதைத்தான் எடுத்துக்கொண்டன.

கார்பைடு வெப்பத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் ஈரம் பட்டால் ஆகாது. பொடியாக இருக்கும்போது காற்றிலேயே தீப்பிடிக்கும். அதனால் பலரும் அதைத் தள்ளிவைத்தார்கள்.

தள்ளிவைத்ததை எடுத்துக்கொண்டது நம் பக்கத்து ஊர் கல்பாக்கம். பிரான்சின் உதவியோடு அங்கே வேகப் பெருக்கிச் சோதனை உலை கட்டத் திட்டமிட்டபோது, செறிவூட்டிய யுரேனியமும் புளூட்டோனியமும் கலந்த ஆக்ஸைடே எரிபொருள் என்று முடிவாகியிருந்தது. 1974-ல் பொக்ரான் சோதனைக்குப் பிறகு செறிவூட்டிய யுரேனியம் வரும் வழி அடைபட்டது. புளூட்டோனியத்தைக் கூட்டி ஆக்ஸைடாகவே செய்யலாமா என்றால், அது குளிர்விக்கும் சோடியத்தோடு வினைபுரியும். ஆகவே 70 பங்கு புளூட்டோனியம் கார்பைடு, 30 பங்கு யுரேனியம் கார்பைடு என்று உலகில் வேறெங்கும் முக்கிய எரிபொருளாக ஓட்டிப் பார்க்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

டிராம்பேயில், ஆக்சிஜனும் ஈரமும் நீக்கிய வாயு நிரம்பிய கையுறைப் பெட்டிகளுக்குள் அது தயாரானது. கார்பன் சற்றுக் குறைந்தால் உலோகம் தனித்து நின்று எஃகுக் குழாயைத் தாக்கும். கூடினால் கார்பன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி செய்துவிடும்.

"இப்ப சொல்லு, அரை மில்லிதானே?" என்றார் மாமா. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த உலை 1985 அக்டோபர் 18-ம் தேதி இயங்கத் தொடங்கியது. முதலில் குறைந்த அளவே எரித்தார்கள். டன்னுக்கு 25,000 மெகாவாட்-நாள் எரிந்ததும் ஒரு தொகுப்பை வெளியே எடுத்து, தடித்த சுவருக்குப் பின்னாலிருந்து இயந்திரக் கைகளால் அறுத்துச் சோதித்தார்கள். பிறகு 50,000, பிறகு 1,00,000 என்று அளந்து அளந்துதான் முன்னேறினார்கள். கடைசியில் 1,65,000 வரை குழாய் கிழியாமல் அந்தக் கார்பைடு தாங்கியது. 2022-ல் உலை தன் முழுத்திறனான 40 மெகாவாட் வெப்பத்தை எட்டியது. அதன் அனுபவத்தின் மேல் எழுந்த 500 மெகாவாட் உலையில் 2024 மார்ச்சில் உள்ளகத்தை நிரப்பும் பணியைத் தொடங்கினார்கள்.

இவற்றுக்கெல்லாம் பின்னால் விஞ்ஞானிகள் மட்டும் இல்லை. மாதிரி எடுத்தவர்கள், எடை பார்த்தவர்கள், வெல்டிங் செய்தவர்கள், எக்ஸ்ரே எடுத்தவர்கள் உண்டு. நம்மைப்போல டிப்ளமோ படித்தவர்கள் அதில் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் பார்க்காத அளவைப் பார்த்ததாக எழுதியிருந்தால், அடுத்து நின்ற அத்தனை பேரும் அந்தப் பொய்யை நம்பித்தான் வேலை செய்திருப்பார்கள்.

மறுவாரம் சாரிடம் கேட்டு அதே டைட்ரேஷனை மறுபடி செய்தேன். 12.9. மறுபடி 12.9. இன்னொரு தடவை 12.8. அன்று முதல் தடவை பிப்பெட்டைக் கோடு வரை நிரப்பாமல் விட்டிருக்கிறேன். அதாவது, சரியான அளவை அழித்துவிட்டுத் தப்பானதை இரண்டு முறை எழுதியிருக்கிறேன்!

சார் நோட்டைப் பார்த்தார். மார்க்கைத் திருத்தவில்லை. "இது நீ பாத்தது" என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நண்பர்களே, நாளை நாம் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் நம் கையில் ஒரு அளவுகோலும் ஒரு ரிஜிஸ்டரும் கொடுப்பார்கள். கண்ணில் பார்த்ததையே அதில் எழுதுவோம்.